பிரசவம் முடிந்தால் பிரஷரின் கதையும் முடிந்துவிடுமா?

"கர்ப்பத்தில் வரும் பிரஷர் அம்மாவுக்கு மட்டும்தான். குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும், குழந்தைக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

பெரும்பாலான தாய்மாருக்குப் பிரசவமான சில வாரங்களில் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், சரி. ஆனால் குழந்தையின் ரத்தக்குழாய்களில் அதன் சுவடு தங்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பச்சிளங்குழந்தைகளின் தோலுக்கடியில் ஓடும், முடியைவிட மெல்லிய ரத்த நுண்குழாய்களைப் படமெடுத்து எண்ணினார்கள். பிறந்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த மூன்று மாதங்களில்தான் தெரிந்தது: பிரஷர் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு அந்த நுண்குழாய்கள் மற்ற குழந்தைகளைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோதும், அவை புதுக் குழாய்களை உருவாக்கும் திறன் குறைவாகவே இருந்தது.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நிலை) வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு மேல் அழுத்தம் (பிரஷர் அளவில் முதலில் சொல்லும் எண்) சராசரியாக 2.4 மி.மீ. மட்டுமே கூடுதல் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. ஒரு குழந்தையிடம் இது கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் அந்தச் சிறு கூடுதல் பல வருடங்கள் தொடர்ந்தால் இதயத்துக்குச் சுமைதான்.

அந்தச் செய்தியை நம்பி யாரும் கர்ப்பத்தில் பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், குழந்தை மருத்துவரிடம் "எனக்குக் கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். மூன்று வயதிலிருந்து வருடம் ஒருமுறை பிள்ளையின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.