பாவம், டால்ஸ்டாய்!

சனிக்கிழமை கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. நான் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் மனைவி சோஃபியாவைப் பற்றிய நாவலுக்குக் கூட்டம் போட்டு, முக்கால்வாசி நேரம் டால்ஸ்டாயைப் பற்றியே பேசிவிட்டு, கடைசியில் ஒருவர் "பாவம் மனுஷன், நிம்மதியாகச் சாகக்கூட விடலையே அந்தம்மா" என்றார். அரங்கமே சிரித்தது. சாக்ரடீஸ் தலையில் பெண்டாட்டி தண்ணீர் ஊற்றிய கதைக்குச் சிரிப்போமே, அதே சிரிப்பு.

நாவலைப் படித்தீர்களா ஐயா?

1862இல் கல்யாணம். அவளுக்கு 18, அவருக்கு 34. கல்யாணத்துக்கு முன்பே தன் பழைய டைரிகளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார் மாப்பிள்ளை. பழைய சகவாசமெல்லாம் அதில் இருக்கிறது. நேர்மையாம்! அப்புறம் 13 பிள்ளைகள். அடித்தல் திருத்தலாகக் கிடக்கும் அவருடைய 'போரும் வாழ்வும்' நாவல் தாள்களை ராத்திரி உட்கார்ந்து நல்ல பிரதி எடுப்பாள். அவர் அதன் மேலேயே மறுபடி கிறுக்குவார். மறுபடி நல்ல பிரதி.

"மேதையோடு வாழ்வதென்றால் அப்படித்தான்" என்பீர்கள். மேதைதான், யார் இல்லையென்றது? அவர் நாவலின் அன்னா கரேனினாவுக்காக அழுதவள்தான் நானும். "கடைசிக் காலத்தில் தற்கொலை மிரட்டல் விட்டாளே?" ஆமாம், விட்டாள். நாவலும் அதை மறைக்கவில்லை. அதை விடுங்கள். காப்புரிமை வேண்டாமென்று அவர் உதறியபோது குடும்பம் எதில் நடந்தது? புத்தகங்களை அச்சிட்டு விற்றுக் கணக்குப் பார்த்தது யார்?

மனைவியைச் சந்தேகப்பட்டுக் கொல்கிறவன் கதை, அவர் எழுதிய 'க்ரூட்சர் சொனாட்டா'. படித்தவர்கள் சோஃபியாவைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அது தடைபட்டபோது, 1891இல் ஜார் மூன்றாம் அலெக்சாண்டரை நேரில் பார்த்து, அவருடைய படைப்புத் தொகுதியில் சேர்க்க அனுமதி வாங்கி வந்ததும் அவளேதான். அந்தக் கதைக்குப் பதில் சொல்லி அவள் எழுதிய 'யாருடைய குற்றம்?' ரஷ்யாவில் அச்சேறியது 1994இல். அவள் செத்து 75 வருஷம் கழித்து. இப்போது ஒரே ஒரு நாவல் வந்தால் "அவள் பக்கமே பேசுகிறது". யார் பக்கம் பேச வேண்டும் சார்? அவர் பக்கம் பேசத்தான் ஒரு நூலகமே இருக்கிறதே.

என் அப்பாவும் கதை எழுதுவார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அம்மாதான் கார்பன் வைத்து நகலெடுப்பாள், சுண்டுவிரல் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். தொகுப்பு வந்தபோது முன்னுரையில் அட்டை வரைந்தவர் முதல் அச்சுக் கோத்தவர் வரை நன்றி சொல்லியிருந்தார். அம்மா அதைப் படித்துவிட்டு, ஒரு எழுத்துப்பிழை இருப்பதாக மட்டும் சொன்னாள். சனிக்கிழமை எல்லோரும் சிரித்தபோது எனக்கு அந்த நீலவிரல்தான் கண்ணில் நின்றது.

நிம்மதியாகச் சாக விடவில்லையாம். 1910இல், 82 வயதில், விடியுமுன் சொல்லாமல் கிளம்பியவர் அவர். அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் அவர் நோயில் கிடந்த வீட்டுக்குள் அவளை விடவில்லை. 48 வருஷம் கூட வாழ்ந்தவள் வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நினைவு தப்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

என் பிரதியை இரவல் தருகிறேன். பென்சிலால் நிறையக் கோடு போட்டிருக்கிறேன், அழிக்கப்போவதில்லை. சனிக்கிழமை முதலில் கைதட்டியவருக்கே முதலில்.