கலாச்சாரம் என்று சொல்லாதீர்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி பகிரப் போவதில்லை. வளைகுடாவில் ஒரு மால் வாசலில் நாலு தொழிலாளர்களை செக்யூரிட்டி கையை நீட்டி நிறுத்துகிறார். ஒருவர் பாக்கெட்டிலிருந்து ஐடி கார்டை எடுத்து நீட்டுகிறார், அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபேமிலி டே", அதாவது இன்று குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவ்வளவுதான்.

அங்கே லேபர் கேம்பில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. எனக்கும்தான். ஆனால் அதற்குக் கீழே வந்த கமெண்டுகளைப் படித்துவிட்டு ராத்திரி தூங்க முடியவில்லை. எழுதியவர்கள் அரபிகள் இல்லை. நம் ஆட்கள், தமிழில் எழுதுகிறார்கள். "அது அவங்க கலாச்சாரம், மதிச்சுத்தான் ஆகணும்." "லேபர்ஸுக்கு மால்ல என்ன வேலை?" "குளிச்சிட்டு நல்ல டிரஸ்ல போயிருக்கலாம்ல." கடைசியாகச் சொன்னதை எழுதியவர் என் நட்பில் இருக்கிறார், கத்தார் தலைநகர் தோஹாவில் நல்ல வேலையில் இருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாசலில் யாரும் கலாச்சாரம் பார்ப்பதில்லை. சம்பளம் பார்க்கிறார்கள். சட்டையையும் செருப்பையும் தோல் நிறத்தையும் பார்த்து இவன் எவ்வளவு வாங்குவான் என்று கணக்குப் போடுகிறார்கள். இதைக் கலாச்சாரம் என்று சொல்வது அரபிகளின் கலாச்சாரத்துக்கே செய்கிற அவமரியாதை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை நேரம் குறிக்கிற டைம்கீப்பராகச் சேர்ந்தவன், பிறகுதான் ஆபீசுக்கு மாறினேன். கேம்பில் எனக்கு நெருக்கமாக இருந்தவர் ஒரு ஸ்கஃபோல்டிங் ஆள், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர். சிவகங்கைப் பக்கம். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னை பாய் என்பார். ஊரில் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகிற பை வேண்டுமென்று போனில் கேட்டிருக்கிறது அந்தப் பிள்ளை. கேம்பிலிருந்து ஒருவர் லீவில் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடலாம். லீவு நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான், அன்றைக்கு வாங்கினால்தான் உண்டு. ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

அந்த மனிதர் எப்படிக் கிளம்பினார் என்பதை, குளிக்கச் சொன்னவர் பார்த்திருக்க வேண்டும். முந்தின ராத்திரியே சவரம் செய்துவிட்டார். சட்டையை மெத்தைக்கு அடியில் விரித்து, அதன்மேல் படுத்து, மடிப்பு எடுத்திருந்தார். கேம்பில் எல்லோரும் செய்வதுதான். என்னிடமிருந்து கொஞ்சம் அத்தர் வாங்கித் தடவிக்கொண்டார். நகக்கண்ணில் இருந்த துருக்கறை மட்டும் போகவில்லை. வருஷக்கணக்காக பைப் பிடித்த கை, அது போகாது.

வாசலில் நின்றவர் ஒரு நேபாளிப் பையன். "பாய், ஆஜ் ஃபேமிலி ஒன்லி" என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தனி ஆள். முழங்காலுக்கு மேலே நிற்கிற டவுசர், கையில்லாத பனியன். கதவு திறந்தது, அந்தப் பையன் அவருக்கு குட் ஆஃப்டர்நூன் சொன்னான். அவர் குடும்பம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

நான் சத்தம் போட ஆரம்பித்தேன். அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க பாய், அவன் என்ன செய்வான், உள்ளே விட்டா அவன் வேலை போயிரும்." பையை இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலேயே ஒரு கடையில் வாங்கினோம். நல்ல பைதான், விலையும் குறைவு. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஃபேமிலி டே, பேச்சிலருக்கு அனுமதியில்லை, இதில் என்ன தப்பு" என்கிறார்கள். அண்ணன் பேச்சிலரா? மனைவி இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கத்தாரில் குடும்பத்தைக் கூட்டிவர வேண்டுமென்றால் மாதம் 10,000 ரியால் சம்பளம் காட்டச் சொல்வார்கள், கம்பெனி வீடு கொடுத்தால் கொஞ்சம் குறையும். 2021 மார்ச்சில் கொண்டுவந்த குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 1,000 ரியால். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கம்பெனி ஏற்பாடு செய்யாவிட்டால் 500, 300 என்று கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஆளெடுத்துவிட்டு, குடும்பத்தைக் கூட்டிவர முடியாதபடி விதியும் போட்டுவிட்டு, பிறகு உனக்குக் குடும்பம் இல்லை, உள்ளே வராதே என்றால் என்ன நியாயம்? 2010இல் 15ஆம் எண் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். குடும்பங்கள் குடியிருக்கும் பகுதிகளில் தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கூடாது. கூட்டிவரவும் முடியாது, குடும்பங்கள் இருக்கிற தெருவில் இருக்கவும் முடியாது, வெள்ளிக்கிழமை ஒரு கடைக்குப் போகவும் முடியாது.

உள்ளூர்க்காரர்கள் பக்கம் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கத்தாரில் இருப்பவர்களில் பத்தில் ஒருவர்தான் கத்தாரி, அமீரகத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். சொந்த ஊர்க் கடையில் அரபியில் பேசினால் பதில் வராமல், இங்கிலீஷையோ இந்தியையோ தேட வேண்டிய நிலை ஒரு வயதான அரபி அம்மாவுக்கு வருகிறது. பிள்ளைகள் வேறு மொழி பேசும் பணிப்பெண்ணிடம் வளர்கின்றன. என் ஊரில் பத்தில் ஒன்பது பேர் வெளியாள் என்றால் எனக்கும் பயம் வரும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் பயம் எல்லா வெளியாளிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா? 2014இல் தோஹாவில் ஒரு பிரசாரம் நடந்தது. தோளையும் முழங்காலையும் மூடுகிற மாதிரி உடுத்துங்கள் என்று வெளிநாட்டவருக்குத் துண்டறிக்கை கொடுத்தார்கள். பெரும்பாலும் மேற்கத்தியவர்களை மனதில் வைத்துச் செய்தது. அது கலாச்சாரம், அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர் மாதிரி உடுத்த வேண்டியதுதான். ஆனால் பாருங்கள், அவர்களுக்குத் துண்டறிக்கை, தயவுசெய்து என்ற வார்த்தை. முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் போட்டு வந்த என் அண்ணனுக்கு மட்டும் வாசலில் ஆள்.

சவூதியை இழுப்பீர்கள் என்று தெரியும். ரியாத் மால்களில் 2012 வரை தனி ஆண்களை விடமாட்டார்கள், சவூதிப் பையன்களையே விடமாட்டார்கள். ஹோட்டலில் குடும்பங்களுக்கு ஒரு வாசல், ஆண்களுக்கு ஒரு வாசல் என்று இருந்ததைக் கட்டாயமில்லை என்று 2019 டிசம்பரில்தான் மாற்றினார்கள். அது எல்லோருக்கும் ஒரே விதி. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அதைக் கலாச்சாரம் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது அதுவல்ல. ஆளைப் பார்த்து மாறுகிற விதியைச் சொல்கிறேன்.

கலாச்சாரம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனிக்கு இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த கத்தாரிப் பெரியவர் ஒருவர், நோன்புக் காலத்தில் எங்களை மஜ்லிஸுக்கு, விருந்தினரை உட்காரவைக்கிற கூடத்துக்கு, கூப்பிடுவார். ஒருமுறை அண்ணனையும் அழைத்துப் போனேன். கஹ்வா என்கிற அரபிக் காப்பியை ஊற்றுகிறவர் தல்லா என்கிற கூஜாவோடு வந்துகொண்டே இருந்தார். ஃபின்ஜான் என்கிற அந்தச் சின்னக் கோப்பை காலியாகக் காலியாக ஊற்றினார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அண்ணன் குடித்துக்கொண்டே இருக்கிறார், முகம் கசந்து போய்விட்டது. பெரியவர் பார்த்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் ஃபின்ஜானை இரண்டு விரலில் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டினார். போதும் என்றால் இப்படி ஆட்ட வேண்டும். அண்ணனும் ஆட்டினார், பெரியவர் தோளில் தட்டிச் சிரித்தார். பிறகு மூன்று பேரும் ஒரே தட்டில் மக்பூஸ், அவர்கள் ஊர் இறைச்சிச் சோறு, சாப்பிட்டோம். துருக்கறை படிந்த அந்த விரலும் அந்தத் தட்டில்தான் இருந்தது.

எனவே தயவுசெய்து அரபிகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். "பாய் ஆயிட்டு அரபு நாட்டையே குறை சொல்றீங்களே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். பாயாக இருப்பதால்தான் சொல்கிறேன். அரபிக்கு அரபியல்லாதவரைவிட எந்த மேன்மையும் இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) இறுதிப் பேருரையில் சொன்னதை மதரஸாவில் சின்ன வயதிலேயே படித்துவிட்டு வந்தவன் நான். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் கத்தாரியும் பங்காளதேஷ்காரரும் தோளோடு தோள் ஒரே ஸஃப்பில், ஒரே வரிசையில், நிற்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அதே பங்காளதேஷ்காரரை மால் வாசலில் நிறுத்துவது எந்த மார்க்கத்தில் இருக்கிறது?

அப்புறம், "நம்ம ஆளுங்க பொம்பளைங்களை முறைக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க." எடுப்பவன் இருக்கிறான், மறுக்கவில்லை. அவனைப் பிடித்துக் கொடுங்கள், ஊருக்கு அனுப்புங்கள், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் டவுசர் போட்ட அந்த வெள்ளைக்காரர் முறைக்கமாட்டார் என்று வாசலிலேயே எப்படித் தெரிந்தது?

"அவங்களுக்குன்னு ஏஷியன் டவுன் கட்டிக் கொடுத்திருக்காங்களே." ஆமாம், கட்டியிருக்கிறார்கள். கடைகள், தியேட்டர், கிரிக்கெட் ஸ்டேடியம் எல்லாம் இருக்கிறது, நானும் போயிருக்கிறேன். 2022 உலகக் கோப்பைக்கு அந்த ஸ்டேடியத்தில் பெரிய திரை வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் பார்த்தார்கள். கத்தாரில் இருப்பவர்களுக்கு 40 ரியாலுக்கு டிக்கெட்டும் கொடுத்தார்கள். நல்லது செய்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு ஒரு இடம் கட்டிவிட்டேன், இனி என் இடத்துக்கு வராதே என்பது நம் ஊர்க்காரனுக்குப் புரியாத விஷயமா? தனித் தெருவும் தனிக் குவளையும் பார்த்த நாட்டிலிருந்து போய்விட்டு, அதைக் கலாச்சாரம் என்று எப்படி எழுத வருகிறது?

"முதல்ல திருப்பூர்ல வடமாநிலத்தவரை ஒழுங்கா நடத்துங்க." சரி. நடத்தத்தான் வேண்டும், அங்கே நடப்பதும் இதே அசிங்கம்தான். அதற்காக இதைப் பேசக் கூடாதா?

"பிடிக்கலைன்னா திரும்பி வர வேண்டியதுதானே, சோறு போட்ட நாட்டைக் குறை சொல்லாதே." இதுதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. சோறு யாரும் சும்மா போடவில்லை. ஜூனில் இரும்பு பைப்பைத் தொட்டால் கை வெந்துவிடும், துணி சுற்றிக்கொண்டுதான் பிடிக்க முடியும். அதனால்தான் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3:30 வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. விசாவுக்கு ஏஜெண்டிடம் கொடுத்த கடனை அடைத்த பிறகுதான் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கவே முடியும். ஏஜெண்ட் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று நம் அரசாங்கம் விதி வைத்திருக்கிறது. அந்த விதிப்படி பணம் கட்டிப் போன ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

குவைத் மங்காஃப் கட்டடத் தீ ஞாபகம் இருக்கிறதா? 2024 ஜூன் 12. விமானப்படை விமானத்தில் 45 உடல்கள் வந்தன, அதில் 7 பேர் தமிழ்நாடு. நெருக்கிப் பிடித்து ஒரே கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள். அன்றைக்கு மெழுகுவர்த்திப் படம் போட்டு "நம் சகோதரர்கள்" என்று எழுதியவர்களில் இரண்டு பேர், இப்போது அந்த வீடியோவுக்குக் கீழே "லேபர்ஸுக்கு மால்ல என்ன வேலை" என்பதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். நான் போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். செத்தால் சகோதரன், உயிரோடு ஒரு பை வாங்க வந்தால் லேபர்ஸ்.

உண்மையைச் சொன்னால், மால் வாசலில் நின்ற அந்த நேபாளிப் பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை. விதி போட்ட மால்காரன்மேல் இருக்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக நம்மவர்கள்மேல் இருக்கிறது. அங்கே நாம் நடத்துகிற பொங்கல் விழாவைப் பாருங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று டிக்கெட். முன்வரிசை ஸ்பான்சருக்கும் எஞ்சினியர் குடும்பங்களுக்கும். கேம்பிலிருந்து யாராவது வந்தால் கடைசியில் நிற்கலாம். ஒரு வருஷம் அண்ணனையும் அவர் ரூமில் இருந்தவர்களையும் கூட்டிப்போக டிக்கெட் கேட்டேன். கமிட்டியில் இருந்த ஒருவர், "பேச்சிலர்ஸ் நிறைய வந்தா லேடீஸுக்கு அன்கம்ஃபர்டபிளா இருக்கும் பாய், புரிஞ்சுக்கோங்க" என்றார். தமிழர் விழாவில், தமிழர் ஒருவர், தமிழரைப் பற்றிச் சொன்னது. அங்கே எந்த அரபியும் இல்லை.

அரபிகள் விதியை மாற்றுவார்களா என்று எனக்குத் தெரியாது, அது என் கையில் இல்லை. இது உங்கள் கையில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் அங்குள்ள தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். வருகிற பொங்கலுக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு ஒரு பஸ் அனுப்புங்கள். வருகிறவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பஸ் வாடகையை நான் ஊரிலிருந்து அனுப்புகிறேன், உள்பெட்டியில் கணக்கு எண் கொடுங்கள்.