ஃபார்மேட் போடும் முன் ரேமைக் கழற்றிப் பாருங்கள்

ஒரே மாதத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு தடவை ஃபார்மேட் போட்டாயிற்று. தடவைக்கு ஐந்நூறு ரூபாய். இரண்டு தடவையும் கடைத் தம்பி சொன்னது ஒன்றேதான்: “அண்ணே, டிஸ்க்குல பேட் செக்டார் விழுந்துருக்கு. ஃபார்மேட் போட்டா ரெடியாயிரும்.” பேட் செக்டார் என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம். நாலு நாள் ரெடியாக இருக்கும். அஞ்சாம் நாள் நீலத்திரையில் பிழை காட்டி விண்டோஸ் நின்றுவிடும்.

மூன்றாவது தடவை புது டிஸ்க்கே (எஸ்எஸ்டி) வாங்கி மாட்டினோம். அதில் விண்டோஸ் ஏற்றும்போதே பாதியில் நின்று ‘கோப்பு பழுதாகியிருக்கிறது’ என்றது. நேற்று டப்பா பிரித்த டிஸ்க்கில் இன்றைக்கே பேட் செக்டாரா? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உண்மையில் தடயமெல்லாம் முதல் நாளிலிருந்தே கண்முன் கிடந்தது. தங்கச்சி கல்யாணப் படங்களில் சிலவற்றில் மேல்பாதி மணமேடை, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். ஜிப் கோப்பை விரித்தால் ‘சிஆர்சி பிழை’ (உள்ளே இருப்பது சரிபார்ப்பில் ஒத்துவரவில்லை) என்று திட்டும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு அதே கோப்பை விரித்தால் ஒழுங்காக விரியும். நீலத்திரையும் ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வரும், மறுநாள் ‘பேஜ் ஃபால்ட்’ என்று வரும். டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் அதே கோப்புதான் திரும்பத் திரும்பத் தகராறு செய்யும். பிழை இப்படி இடம் மாறி, பெயர் மாறி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை, அதாவது கம்ப்யூட்டர் ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தை.

ரேம் கெட்டால் கோப்பு ஏன் கெடவேண்டும் என்று கேட்பவர்களுக்காக: கேமரா கார்டிலிருந்து ஒரு படத்தை நகலெடுத்தால் அது நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. ரேமில் இறங்கி, அங்கிருந்துதான் போகும். அந்த இடைவழியில் ஒரு பிட் 0-விலிருந்து 1-க்குத் தாவினால், தாவினதையே டிஸ்க் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளும். டிஸ்க்கைப் பொறுத்தவரை எந்தத் தப்பும் நடக்கவில்லை. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் ‘குட்’ என்று நீல நிறத்தில் சிரிக்கும். என் பழைய டிஸ்க்கும் அப்படித்தான் சிரித்தது, பாவம், அதைப்போய்க் குற்றவாளியாக்கி மூலையில் போட்டோம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு காரியம் செய்தேன். கல்யாண வீடியோ ஒன்று, 12 ஜிபி. விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையில் அதற்கு ஷா-256 கணக்கிட்டேன். அது கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறாதவரை விடையும் மாறக்கூடாது. ரீஸ்டார்ட் செய்து மறுபடி. இன்னொரு ரீஸ்டார்ட், இன்னொரு தடவை. யாரும் தொடாத ஒரே கோப்புக்கு மூன்று வேறு விடை. வயிற்றைக் கலக்கிவிட்டது.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினால் ‘பிழை இல்லை’ என்றது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மெம்டெஸ்ட்86+ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே பூட் செய்யவேண்டும். இரவு படுக்கும்போது ஓடவிட்டேன். காலையில் காபியோடு வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒரு வரி சிவப்பானாலும் கதை முடிந்தது, ‘ஒண்ணு ரெண்டுதானே’ என்று விடக்கூடாது.

அதன்பிறகு வேலை சுலபம். பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில், ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துப் பார்த்தேன், பிழை போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு ரேம் ஸ்டிக்கையும் கழற்றி, பின்களை அழிரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சுத்தம். மற்றது எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சிவப்பு. (இரண்டு ஸ்டிக்குமே ஒரே ஸ்லாட்டில் மட்டும் தகராறு செய்தால் மதர்போர்டைப் பார்க்கவேண்டும்.) கெட்டது எது தெரியுமா? காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன வருஷம் நானே செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சொருகியது. கடைத் தம்பி சட்டையைப் பிடிக்கக் கிளம்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் குறையவில்லை. நீலத்திரை என்றதும் யூடியூபில் பாதிப் பேர் ‘செக்டிஸ்க் போடுங்க’ என்கிறார்கள். டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கட்டளை அது. ரேம் கெட்டிருக்கும்போது அதைப் போடவே போடாதீர்கள். எந்தக் கோப்பு எங்கே என்று டிஸ்க்கிலிருக்கும் நல்ல பட்டியலைக் கெட்ட ரேம் வழியாகப் படித்து, ‘இது உடைந்திருக்கிறது’ என்று முடிவு கட்டி, திருத்துகிறேன் பேர்வழி என்று இருப்பதையும் குலைத்துவிடும். பெயரிழந்த கோப்புகள் ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டருக்குள் அனாதையாகக் கிடக்கும். அவசரமாக பேக்கப் எடுக்கிறேன் என்று அதே மெஷினில் நகலெடுப்பதும் ஆபத்து. நகலும் பழுதாகத்தான் வரும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள். ரேம் தேறியபிறகு செக்டிஸ்க், சிஸ்டம் ஃபைல் செக்கர் எல்லாம் தாராளமாக ஓட்டலாம்.

சர்வர்களில் இதற்கென்றே இசிசி ரேம் உண்டு. 64 பிட்டுக்குக் கூடவே 8 பிட் காவலுக்கு நிற்கும், ஒரு பிட் தாவினால் தானே திருத்திவிடும். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவானதாகச் சொன்னார்கள். நம் வீட்டு மெஷினில் பதிவு செய்யவே ஆளில்லை. லினக்ஸ் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021-ல், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இசிசி வராமல் செய்துவிட்டதாக இன்டெலைத் திட்டித் தீர்த்தார். கல்யாண ஆல்பத்தைத் தொலைத்தவன் என்ற முறையில் என் ஓட்டும் அவருக்கே.

முழுசாகத் தொலையவில்லை. ஃபோட்டோகிராஃபர் தம்பி கார்டை அழிக்காமல் வைத்திருந்தார், தங்கச்சியிடம் திட்டு வாங்காமல் தப்பித்தேன். ஆனால் அந்த ஸ்டிக் மாட்டிய நாளிலிருந்து சேமித்த மற்றவை எது நல்லது, எது கெட்டது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புது ரேம் வாங்கப் போனபோது கடைத் தம்பி, “பழசக் குடுங்கண்ணே, எக்ஸ்சேஞ்சுல போட்டுக்கலாம்” என்றார். கொடுக்கவில்லை. இரண்டாக உடைத்து வைத்திருக்கிறேன்.