அந்தப் போட்டோவின் ஓரத்தில் தெரியும் கை

நீளமான பதிவு. குதிரை, ரேஸ் எல்லாம் பணக்காரர் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் நான் எழுதப்போவது பணக்காரர்களைப் பற்றி இல்லை.

குதிரைப் போட்டியில் ஜெயித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை போட்ட போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஜெயித்த குதிரை, ரிப்பனோடு. சுற்றி ஓனர் குடும்பம், சவாரி செய்த பையன், வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளர். இடது ஓரத்தில், தலைக்கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை. முழங்கை வரைக்கும்தான் இருக்கிறது, மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கீழே நன்றிப் பட்டியல். டாக்டருக்கு நன்றி, தீவனக் கம்பெனிக்கு நன்றி, சேணம் பரிசளித்த மாமாவுக்கு நன்றி, கேக் செய்து கொடுத்த அக்காவுக்குக்கூட நன்றி. கைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வரி இல்லை.

கீழே கமெண்டில் நான் கேட்டது ஒரே கேள்வி: "கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?" உடனே பதில் வந்தது: "இது டீம் எஃபர்ட் மேடம்." கொஞ்ச நேரத்தில் என் கமெண்டைக் காணோம். நல்ல டீம். அதில் ஒருவருக்கு மட்டும் முகம் கிடையாது.

அந்த அண்ணனின் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்காது.

நான் சொல்வது ஒன்றுதான். ஒரு குதிரை ஜெயித்தால் அதில் முதல் பங்கு சைஸுக்கு, அதாவது லாயத்தில் அதைத் தினமும் பராமரிக்கும் குதிரைக்காரருக்கு. "அவரையும் மறக்கக் கூடாது" என்று கடைசியில் சேர்க்கும் பங்கு இல்லை. முதல் பங்கு.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பார்கள். சரி, தொழிலைப் பேசுவோம். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநாண், மேலே தோல், அவ்வளவுதான். அத்தனை எடையும் அதன் மேல்தான் வந்து இறங்குகிறது. தசைநாணில் கோளாறு ஆரம்பித்தால் முதலில் வருவது லேசான சூடு. நொண்டுவதெல்லாம் அப்புறம். விடியும் முன் நாலு காலையும் தடவிப் பார்க்கிற கைக்குத்தான் அந்தச் சூடு தெரியும். ஓனர் கைக்குத் தெரியாது, அவர் வருவதே ஒன்பது மணிக்கு.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டால் மேல் வழியாக வெளியேற்ற முடியாமல் துடிக்கும், சில மணி நேரத்தில் செத்தும் போகும். தொட்டியில் மிச்சம் கிடக்கும் ஓட்ஸையும், ராத்திரி போட்ட சாணத்தின் அளவையும் பார்த்து "இன்னைக்கு இவன் சரியில்லை" என்று சொல்பவர் யார்? டாக்டர் வரும்வரை பக்கத்திலேயே நிற்பவர் யார்? அப்புறம் நம் ஊர்ப் புழுக்கம். குதிரை வியர்த்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். சென்னை மாதிரி ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். சேணத்தைக் கழற்றியதும் கழுத்தைத் தடவி, "என்ன காஞ்சு கிடக்கு?" என்று முதலில் கேட்பதும் சைஸ்தான். குளிர் தேசத்துப் பயிற்சியாளர் அதைப் புத்தகத்தில் படித்திருப்பார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பா கிண்டி ரேஸ் மைதானத்தில் சைஸாக இருந்தவர். ஐந்து பர்லாங் சாலைப் பக்கம் வளர்ந்தவள் நான். பர்லாங் என்பது ரேஸில் தூரத்தை அளக்கும் கணக்கு என்று தெரியாமலே பாதி வேளச்சேரி அந்தச் சாலையில் போய்வருகிறது.

எங்கள் வீட்டில் தீபாவளி அப்பா இல்லாமல்தான் நடக்கும். வெடிச் சத்தத்துக்குக் குதிரை மிரளும், சுவரில் இடித்துக் காலை உடைத்துக்கொள்ளும் என்று ராத்திரி முழுக்க லாயத்தில் இருப்பார். மறுநாள் காலையில் வரும்போது அவர் மேல் எங்கள் வீட்டு எண்ணெய் வாசனை இருக்காது, கொள்ளு வாசனைதான் இருக்கும். அம்மா எடுத்துவைத்த அதிரசத்தைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவார். நாங்கள் மத்தாப்பை மிச்சம் வைத்திருப்போம். அவர் எழுந்திருக்கும்போது மறுபடி லாயத்துக்குப் போகிற நேரம் ஆகியிருக்கும்.

ரேஸில் ஜெயித்த குதிரையை ஓனர் கையில் பிடித்து உள்ளே அழைத்து வருவது வழக்கம். அதுவரை கயிறு சைஸ் கையில். கேமரா வந்ததும் ஓனர் கைக்கு மாறும். படம் எடுத்து முடித்ததும் திரும்ப சைஸிடம் வந்துவிடும், ஏனென்றால் குதிரை சாணம் போடும். ஒருமுறை அப்பா பார்த்துக்கொண்ட குதிரை பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்தது. ஓனர் பெயரைச் சொல்லமாட்டேன், இப்போது அவரும் இல்லை. மறுநாள் பேப்பரை அப்பா வீட்டுக்கு வாங்கி வந்தார். படத்தில் அவர் எங்கே என்று தேடினோம். குதிரையின் கழுத்துக்குப் பின்னால் ஒரு சட்டை தெரிந்தது. "அது நான்தான்" என்றார். அம்மா அதைக் கத்தரித்து பீரோவில் வைத்தார்.

இப்போது வழக்கமான கேள்விகள். "முதல் போட்டது ஓனர்." போட்டார், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் பரிசுப் பணமும் கோப்பையும் அவர் வீட்டுக்குப் போகின்றன. "வம்சம் நல்ல வம்சம்." அப்படியென்றால் குதிரையின் தாத்தாவுக்கு நன்றி சொல்லுங்கள். "உயிரைப் பணயம் வைப்பது சவாரி செய்பவர்." இது நியாயம். ஜாக்கிகள் விழுந்து செத்ததை அறிந்தவள்தான் நான், அவர்களைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் குதிரை பின்னங்காலால் உதைப்பது சைஸை. அப்பாவுக்கு இன்றும் இடது விலாவில் வலி உண்டு.

என்னைக் கொதிக்க வைத்தது கடைசிக் கேள்விதான். ஒரு புண்ணியவான் இன்பாக்ஸில் வந்து கேட்டார்: "சம்பளம் வாங்குகிறாரே, அப்புறம் என்ன நன்றி?" பயிற்சியாளர் வாங்கவில்லையா? டாக்டர் பில் போடவில்லையா? அவர்களுக்கெல்லாம் சம்பளமும் நன்றியும். இவருக்கு மட்டும் சம்பளமே நன்றி. அந்தச் சம்பளம் எவ்வளவு என்று நான் சொன்னால் அந்தக் கேக்கின் விலையை நீங்கள் சொல்லவேண்டி வரும், விடுங்கள்.

1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. நம் மெட்ராஸிலிருந்து போன வழக்குதான். குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை என்பது அதில் முக்கியமான வாதம். அந்தப் பயிற்சியை நாள் முழுக்க உடம்பால் கொடுப்பவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜில், அதாவது குதிரையை நயமாக நடக்கவைத்துக் காட்டும் போட்டியில், நம் குழுவுக்குத் தங்கம் கிடைத்தபோது, குதிரையேற்றத்தில் 41 வருடத்துக்குப் பிறகு என்று நாமெல்லாம் குதித்தோம். நானும் குதித்தேன். நாலு வீரர்களின் பேரும் பத்திரிகையில் வந்தன. எட்ரோ, சின்ஸ்கி என்று குதிரைகளின் பெயர்கூட ஓரமாக வந்தது. தினமும் அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்றால் இல்லை. 1973-ல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த செக்ரட்டேரியட்டுக்கு அமெரிக்காவின் கென்டக்கியில் வெண்கலச் சிலை இருக்கிறது. மேலே ஜாக்கி, கீழே கயிற்றைப் பிடித்தபடி அதன் குதிரைக்காரர் எட்டி ஸ்வெட். வெட்டவில்லை, முழு ஆள். சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் வருடா வருடம் கொடுக்கும் விருதுகளில் சிறந்த குதிரைப் பராமரிப்பாளருக்கு என்றே ஒரு விருது உண்டு. நாமோ திருவல்லிக்கேணியில் தேரோட்டியான பார்த்தசாரதிக்கு மீசை வைத்து, அம்பு பட்ட தழும்போடு உற்சவம் எடுத்துக் கும்பிடுகிற ஊர். சாமி குதிரை ஓட்டலாம், முகத்தில் காயம்கூட இருக்கலாம். நம் லாயத்து ஆளுக்கு மட்டும் போட்டோவில் முகம் இருக்கக் கூடாது.

"உன் அப்பா கதையை இதில் கலக்கிறாய்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: ஆமாம், கலக்கிறேன். வேறு யார் கதையைக் கலப்பது?

போட்டியில் ஒவ்வொரு குதிரையும் களத்துக்குள் வரும்போது மைக்கில் குதிரை பெயர், சவாரி செய்பவர் பெயர், ஓனர் பெயர் என்று வாசிப்பார்கள். அடுத்த போட்டியிலிருந்து சைஸ் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். மூன்று வினாடி கூட ஆகாது. அந்த மூன்று வினாடிக்கும் ஸ்பான்சர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பணத்தை நானே கட்டிவிடுகிறேன். ரசீதில் அப்பா பெயரைப் போடுங்கள்.