ஒரே மரபணு, ஒரே பல்லா?

பல்லின் அளவையும் வடிவத்தையும் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரி. கிழக்காசியர்களில் பலருக்கு மேல் வெட்டுப்பல்லின் பின்புறம் மண்வாரி போலக் குழிந்திருப்பதற்கு இடிஏஆர் (EDAR) என்ற மரபணுவின் ஒரு மாற்றம் முக்கியக் காரணம்.

ஆனால் மரபணு ஒன்றானால் பல்லும் ஒன்றாகவே இருக்கும் என்ற பொருளில் அது சொல்லும் "ஒரே மரபணு, ஒரே பல்" என்ற வரி இடிக்கிறது. நானும் தம்பியும் ஒரே கருவிலிருந்து பிரிந்த, ஒரே மரபணு கொண்ட இரட்டையர். முன்பற்கள் இரண்டுக்கு அடுத்த மேல் பல் எனக்கு வலப்பக்கம் அரிசிமணி போலக் கூம்பிச் சிறுத்திருக்கும். அவனுக்கு இடப்பக்கம்! நேருக்கு நேர் நின்று சிரித்தால் கண்ணாடி பார்ப்பது போல இருக்கும். இந்தப் பல்லும் ஞானப்பல்லும் இப்படித்தான் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு முளைப்பதே இல்லை. முதல் கடைவாய்ப்பல் அவ்வளவாக மாறாது.

அப்புறம், பல்லின் தலைப்பகுதி வெளியே வந்தபின் வளராது. ஈறுக்குள்ளேயே முழு அளவை எட்டிவிடும். அதனால் உருவாகும் காலத்தில் நடப்பது பல்லில் பதிந்துவிடும். பால்பல் கருவின் நான்காம் மாதவாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்குகிறது. பிறந்த சமயத்தில் எனாமலில் விழும் கோடு நுண்ணோக்கியில் தெரியும். தாயிடமிருந்து சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் தொற்றிய குழந்தைக்குப் பின்னாளில் வெட்டுப்பல் விளிம்பில் பிறைபோல வெட்டு விழலாம். அதற்கு எந்த மரபணுவைக் குறை சொல்வது?