52 நிமிடப் பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கிரகணம் வந்தால் போதும், முகநூலில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. 'முன்னோர்கள் நொடி பிசகாமல் கணித்தார்கள்' என்கிறது ஒன்று. 'எல்லாம் மூடத்தனம்' என்கிறது மற்றொன்று. கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

அரசவைக் கணியர்களின் பெருமையைப் பலரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தவரோ புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர். இந்தியக் காலக்கணக்கு முறைகளைப் பற்றி 1825-இல் சென்னையில் 'காலசங்கலிதம்' என்ற நூலை வெளியிட்ட ஐரோப்பியர் ஜான் வாரனுக்காக, அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும் கணக்கிட்டார். அட்டவணைகள் அவர் நெஞ்சில் இருந்தன.

எண்களைச் சொற்களாக்கி வாக்கியங்களாக மனப்பாடம் செய்து கணிப்பது வாக்கியப் பஞ்சாங்க மரபு. அதன் அழகே அந்த மனப்பாடம்தான். நிலவின் வேகம் கூடிக் குறையும் ஒழுங்கு ஏறத்தாழ 248 நாளில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. இதில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும்: கீ 3, ர்ந 0, ச்ரே 2, ய 1. பின்னிருந்து படித்தால் 1203, அதாவது முதல் நாளில் நிலவு நகரும் அளவு 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). பாட்டியின் பல்லாங்குழிச் சோழிகளைத் தரையில் பரப்பி நானும் முயன்றேன். கூட்டும்போது கலைகள் 60 ஆனதும் ஒரு சோழியைப் பாகை வரிசைக்கு ஏற்ற வேண்டும். மூன்றாவது கூட்டலிலேயே தடுமாறிவிட்டேன்.

அந்தக் கணிதரின் விடையில் பிழை தொடக்கத்துக்கு 4 நிமிடம், நடுவுக்கு 23, முடிவுக்கு 52. அதற்கு முன், 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறையில் கணக்கிட்டபோது 41 நொடிதான் குறைந்தது. ஐரோப்பிய வானியலாளர் மேயரின் நிலவு அட்டவணை 68 நொடி கூட்டிச் சொன்னது. 41 நொடியை மட்டும் பகிர்வது எனக்கு உடன்பாடில்லை. 52 நிமிடத்தை மறைத்தால், அந்த மனிதரின் உழைப்பை மதித்ததாகாது.

அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் எழுதினார். இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்த எண்களைச் சிதறாமல் காப்பதும் அறிவுதான் என்பேன்.

உங்கள் ஊரில் சோழி வைத்துக் கணிக்கும் பெரியவர் யாரேனும் இருந்தால், அடுத்த கிரகணம் வரை காத்திராமல் அவர் கைகளை வீடியோவில் பதிவு செய்யுங்கள். வாக்கியங்களை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.