கப் எழுத்தைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போகாதீர்கள்

மார்பகக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டதைப் பற்றி இங்கே எழுதியதிலிருந்து இன்பாக்ஸில் வருவதில் பாதி ஒரே கேள்விதான். “அக்கா, டாக்டர்கிட்ட எந்த சைஸ் கேக்கணும்? பி-ன்னு சொல்லவா, சி-ன்னு சொல்லவா?”

இரண்டையும் சொல்லாதீர்கள். அந்த எழுத்தை மட்டும் வைத்து எந்த அளவையும் புரிந்துகொள்ள முடியாது.

பிராவின் கப் எழுத்து என்பது மார்பின் மேல் சுற்றளவுக்கும், மார்புக்குக் கீழே விலாவை ஒட்டி எடுக்கும் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம். ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு ஓர் எழுத்து. கீழ்ச்சுற்று மாறினால் அதே எழுத்து வேறு அளவைக் குறிக்கும். 34 டி, 36 சி, 38 பி (எண்தான் கீழ்ச்சுற்று), இந்த மூன்றிலும் கப்பின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். போதாக்குறைக்கு, டி-க்கு அடுத்த அளவான டிடி-க்கு மேலே போனால் பிரிட்டிஷ் பிராண்டுக்கு ஒரு வரிசை, அமெரிக்க பிராண்டுக்கு வேறொரு வரிசை. நம்மூர்க் கடையில் பெரும்பாலும் டி-யோடு ஸ்டாக் முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கடைக்காரப் பெண்மணி சுற்றளவை ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்.

நான் அப்படித்தான் பல வருஷம் 42 டி போட்டேன். என் விலாச்சுற்று 36 அங்குலம். அந்தச் சுற்றளவுக்குச் சரியாக அளந்தால் பிரிட்டிஷ் கணக்கில் எஃப் கப் வரும். 42 பட்டி முதுகில் நிற்காது, மேலே ஏறிக்கொண்டே போகும். பட்டி பிடிக்காவிட்டால் முழு எடையும் தோள் வாரில்தான். தோளில் விரலை வைத்தால் அழுந்துகிற அளவுக்கு இரண்டு பள்ளம். கழுத்து வலி, சித்திரை வெயிலில் மார்புக்கடியில் வேர்வை தேங்கிப் புண், அதற்குப் பவுடர், பவுடர் கட்டியாகி அதனால் இன்னொரு புண். இது இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் போடுவது 36 டி. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் எடுத்த பிறகும் எழுத்து அதே டி-தான். என் நாத்தனாருக்கு இதைப் புரிய வைக்க முடியவில்லை. “அப்ப எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி அறுத்துக்கிட்ட?” என்றார்.

டாக்டர் எழுத்தில் யோசிப்பதில்லை. சென்டிமீட்டரிலும் கிராமிலும்தான் யோசிக்கிறார். கழுத்துக்குக் கீழே, இரண்டு காரை எலும்பும் சேரும் குழியிலிருந்து காம்பு வரைக்கும் டேப் வைத்து அளப்பார்கள். சாதாரணமாக 21 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. பிறகு நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் எல்லாமே பக்கவாட்டில் சரிந்துவிடும், அதனால்தான் நிற்க வைப்பது. மார்புக்கடி மடிப்பில் ஒரு கையை வைத்து, அந்த மட்டத்துக்கு நேராக முன்பக்கம் ஒரு புள்ளி வைப்பார். காம்பின் புது இடம் ஏறக்குறைய அதுதான். அந்த மடிப்பு எங்கே இருக்கிறது, மார்பின் அடித்தளம் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் உங்கள் உடம்பின் அமைப்பு. நாம் கேட்டுப் பெரிதாக மாற்றக்கூடிய விஷயமில்லை. எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதில்தான் நமக்குப் பேச இடம் இருக்கிறது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. “முடிஞ்ச அளவு சின்னதா பண்ணிடுங்க டாக்டர்” என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான முறையில் காம்பைத் தனியாக வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை. ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் ஒரு சதைத்தண்டோடு சேர்த்தே அதை மேலே நகர்த்துகிறார்கள். அந்தத் தண்டு மார்புக்குள்ளேதான் இருக்கும், அதற்கென்று ஒரு பருமன் உண்டு. அதை ரொம்ப மெலிதாக்கினால் காம்புக்கு ரத்தம் போகாது, திசு செத்துப்போகலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். மிகப் பெரிய மார்பு, அல்லது மிகச் சிறியதாக்கியே தீரவேண்டும் என்றால் காம்பை எடுத்துத் தோல்போல ஒட்டும் முறை இருக்கிறது. அதில் பழைய உணர்ச்சி இருக்காது, பால் கொடுக்கவும் முடியாது. அதனால் “பி கப் வருமா?” என்று கேட்பதைவிட, “தண்டோடு நகர்த்தினா எனக்கு எவ்வளவு சின்னது வரைக்கும் போகலாம்?” என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

கிராமையும் கேளுங்கள். ஒரு கப் குறைய எத்தனை கிராம் என்பதற்கு ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. பிரா சுற்றளவு 32, 34 என்றால் கப்புக்கு 100 கிராம் வாக்கில், 36, 38 என்றால் 200 வாக்கில். சுற்று கூடக்கூட இதுவும் கூடும். கொழுப்பு அதிகமா, சுரப்பித் திசு அதிகமா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தடுமாறும். ஆனாலும் “ஒரு பக்கம் 500-லிருந்து 650 வரைக்கும் எடுக்கலாம்னு நினைக்கிறேன்” என்று டாக்டர் சொன்னால், அவர் மனதில் இருப்பதும் உங்கள் மனதில் இருப்பதும் ஒன்றா என்று அப்போதே தெரிந்துவிடும். 250 என்று சொன்னால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். (எடை மெஷினில் ஏறிப் பார்த்து “ஒரு கிலோதானா குறைஞ்சது!” என்று நானும் ஏமாந்தேன். அந்த ஒரு கிலோ எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்பது கழுத்துக்குத் தெரியும்.)

போட்டோ கொண்டு போங்கள். இணையத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவை வெள்ளைக்காரப் பெண்களின் படங்கள். உங்கள் தோள் அகலம், உங்கள் பருமன், உங்கள் நிறம் இருப்பவரின் படம் அந்த டாக்டரிடமே இருக்கும், காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆன ஆறாவது வாரத்தில் எடுத்ததா, ஒரு வருஷம் கழித்து எடுத்ததா என்றும் கேளுங்கள். பிடித்த படத்தைவிடப் பிடிக்காத படம் அதிகம் உதவும். “இவ்வளவு பெருசா வேண்டாம்” என்று ஒன்றையும், “இவ்வளவு தட்டையாவும் வேண்டாம்” என்று ஒன்றையும் காட்டினால் நடுவில் இருப்பது தானாகத் தெளிவாகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

ஆபரேஷன் டேபிளில் பாதி வேலை முடிந்ததும், தற்காலிகமாகத் தையலோ ஸ்டேப்ளரோ போட்டுவிட்டு, டேபிளின் தலைப்பக்கத்தை உயர்த்தி உங்களை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் சமமா, இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா, இது போதுமா என்று முடிவெடுப்பது அந்த நேரத்தில்தான். நீங்கள் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பீர்கள். டாக்டரின் கண்ணுக்கு எது அழகோ அதுதான் முடிவாகும், நீங்கள் முன்கூட்டியே வேறொன்றைத் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தால் ஒழிய. அதனால் எல்லோரும் கட்டாயம் சொல்லவேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. “டேபிள்ல உங்களுக்குச் சந்தேகம் வந்தா, சின்ன பக்கமா போங்க.” அல்லது “பெரிய பக்கமா விடுங்க.” உங்களுக்கு எது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யுங்கள். நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தால் அதிகம் வருந்துவீர்களா, சிறிதாக இருந்தாலா? பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரும். அதை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள். கோடு போடும் அன்று காலையில் பச்சை கவுனில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது இதைப் பேச முடியாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், “பொருத்தம்” என்ற பேச்சு இந்த விஷயத்தில் அத்தனை பேர் வாயிலும் வரும். நான் முதலில் பார்த்த டாக்டர், நல்ல மனிதர், “உங்க உடம்புவாகுக்கு ரொம்பக் குறைச்சா எடுப்பா இருக்காதும்மா” என்றார். எடுப்பாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. மாடிப்படி ஏறும்போது கையால் பிடித்துக்கொள்ளாமல் ஏற வேண்டும், குப்புறப் படுக்க வேண்டும், ரெடிமேட் சுடிதார் வாங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். ரத்த ஓட்டத்தால் இதற்கு மேல் குறைக்க முடியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் அது மருத்துவம், கேட்டே ஆக வேண்டும். அகலத் தோளுக்கு இந்த அளவுதான் அழகு என்றால் அது அவருடைய ரசனை. இரண்டும் ஒரே குரலில், ஒரே மேஜைக்குப் பின்னாலிருந்து வருவதால் நாம் இரண்டுக்கும் தலையாட்டிவிடுகிறோம். “இது மெடிக்கல் காரணமா டாக்டர், இல்ல பாக்குறதுக்காகவா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பாக்குறதுக்குத்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது வீடு. “ரொம்பக் குறைச்சுடாத” என்று கணவர், “பால் கொடுக்கணுமேடி” என்று அம்மா. அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தாய்ப்பால் குறையலாம், வராமலும் போகலாம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும். கணவரின் கவலையைப் பற்றி அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் சம்மதம் யாருடையது என்பதில் குழப்பமே வேண்டாம். 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே நின்ற அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கருப்பையை அகற்றியிருந்தார்கள். தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக அவசரம் இல்லாத நிலையில் அம்மா தந்த சம்மதம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மார்பின் அளவுக்கும் அதே நியாயம்தான். அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் போய், “இவ்வளவு போதுமா சார்?” என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

பண விஷயமும் அளவுக்குள் நுழையும். அமெரிக்காவில் ஷ்னூர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1991-இல் ஓர் அட்டவணை போட்டார். உடலின் பரப்பளவுக்கு ஏற்ப எத்தனை கிராம் எடுத்தால் அது நோய்க்கான சிகிச்சை என்ற கணக்கு. சுமார் 160 செ.மீ. உயரம், 65 கிலோ என்றால் ஒரு பக்கம் 370 கிராம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. விளைவு, 300 கிராம் போதும் என்றிருப்பவர் பணத்துக்காக 370 கொடுக்க வேண்டிய நிலை. இங்கிலாந்தில் அரசு மருத்துவ வழிகாட்டுதல் ஒரு பக்கம் 500 கிராமோ நான்கு கப்போ குறைய வேண்டும் என்கிறது, அதோடு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 27-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. லண்டனில் இருக்கும் என் தோழி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். எடையைக் குறைத்தால் மார்பும் கொஞ்சம் குறைந்து 500 கிராம் தேறாமல் போகிறது!

நம்மூரில் பாலிசியில் ‘விலக்கு 08’ என்று ஒன்று இருக்கும். அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்று டாக்டர் சான்றளித்தால் விதிவிலக்கு உண்டு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. என் இன்சூரன்ஸ் கம்பெனி முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கைவிரித்தது. எலும்பு டாக்டரின் கழுத்து ரிப்போர்ட், தோல் டாக்டரின் சீட்டு, தோள் பள்ளத்தின் படம் எல்லாம் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் லாபம்.

ஆபரேஷன் முடிந்ததும் கண்ணாடியில் பார்ப்பதை முடிவென்று நினைக்காதீர்கள். வீக்கம் இருக்கும், மேல்பக்கம் சதுரமாக உப்பியிருக்கும், இரண்டும் ஒன்றுபோல இருக்காது. வடிவம் படிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். மூன்று மாதத்துக்குள் காசு கொட்டி நல்ல பிரா எதுவும் வாங்காதீர்கள். இன்னொன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை: வயிறு தெரியும். இத்தனை நாள் மேலே இருந்தது அதை மறைத்துக்கொண்டிருந்தது. அக்குள் பக்கச் சதையும் திடீரென்று கண்ணில் படும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் சேர்த்துச் செய்வதாக இருந்தால் அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். எடை ஏறினாலோ பிள்ளை பெற்றாலோ மாதவிடாய் நிற்கும் காலத்திலோ அளவு மறுபடி மாறலாம். இருபது வயதுக்குள் செய்துகொள்பவர்களுக்கு மீண்டும் வளரவும் வாய்ப்புண்டு.

பிளவுஸ் தைக்கும்போது உள்ளே துணி விட்டு வைப்பதுபோல, “முதல்ல கொஞ்சமா எடுத்துப்போம், பத்தலைன்னா அப்புறம் பாத்துக்கலாம்” என்று சிலர் சொல்வார்கள். இரண்டாவது ஆபரேஷன் முதல் தடவை மாதிரி இல்லை. காம்புக்கு ரத்தம் எந்தத் தண்டு வழியாகப் போகிறது என்று தெரியாமல் கத்தி வைப்பது ஆபத்து. அதனால் எந்த முறையில் செய்தார்கள், தண்டு எந்தப் பக்கம், வலதில் எத்தனை கிராம், இடதில் எத்தனை கிராம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்த திசுவைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள், அந்த ரிப்போர்ட்டும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

டாக்டர் பெயரும் செலவும் இங்கே போட மாட்டேன், கமென்டில் கேட்காதீர்கள். கமென்டில் வந்து “கடவுள் கொடுத்ததை” என்று ஆரம்பிக்கும் அண்ணன்மாருக்கு பிளாக் பட்டன் தயாராக இருக்கிறது.